பார்த்து வரைவதில் என்ன வெட்கம்?

ஓய்வு பெற்ற பிறகு தூரிகை பிடிக்க ஆசைப்படும் நண்பர்களை, "இன்னொருவர் படத்தைப் பார்த்து வரைவது வெறும் காப்பி" என்று சொல்லியே சிலர் தயங்க வைத்துவிடுகிறார்கள். இதை நான் ஏற்பதில்லை.

பாட்டு கற்பவர் குரு பாடியதைத் திருப்பிப் பாடித்தான் கற்கிறார். வான்கோவும் 1889-90இல் சான் ரெமி மருத்துவமனையில் இருந்தபோது, மில்லே வரைந்த உழவர்களைக் கறுப்பு வெள்ளை அச்சுப் படங்களிலிருந்து எண்ணெய் வண்ணத்தில் மறுபடி வரைந்தார். உருவம் மில்லேயுடையது, வண்ணம் வான்கோவுடையது.

பழகுவதற்கு நான் சொல்லும் படம், அவரே 1890 ஜூனில் வரைந்த ஓவேர் ஊர் தேவாலயம். இன்று அது பாரீசில், ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கல்லால் கட்டிய கோயில் அதில் நெளிகிறது. வானம் அடர் நீலம், கூரையில் ஆரஞ்சு. ஊர் அப்படி இருந்ததில்லை. அவர் மனதுக்கு அப்படித் தெரிந்தது. அதை ஒருமுறை வரைந்தால் அளவுகோல் பயம் போய்விடும்.

கைப்பழக்கமும் வரும். முதல் பூச்சை டர்பன்டைன் கலந்து மெல்லியதாகவும், மேல் பூச்சுகளை ஆளிவிதை எண்ணெய் கூட்டியும் போட வேண்டும். மாற்றிப் போட்டால் பின்னாளில் வெடிப்பு விழும். மஞ்சள் சுவரின் நிழலுக்குக் கறுப்பைக் கலந்தால் பாசி பிடித்தது போல் பச்சையாகும். ஊதா கலந்தால் நிழல் உயிரோடு இருக்கும். மஞ்சள் சுவர்கள் நிறைந்த நம் ஊருக்கு இது ஒன்றே பெரிய பாடம். படத்தின் மூலையில் 'வான்கோவைப் பார்த்து' என்று எழுதிவிட்டால் குற்றமும் இல்லை.

ஆனால் அதோடு நிற்கக் கூடாது. கடற்கரைப் பக்கத்து மஞ்சள் சுவர்களை வரைய ஆட்கள் நிறைய உண்டு. வாய்க்காலுக்கு மேற்கே, திண்ணையும் தாழ்வாரமும் மரத்தூணும் உள்ள நம் தமிழ் வீடுகளை வரைய யார் இருக்கிறார்கள்? வைசியாள் வீதியைச் சீரமைத்ததற்கு 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. மற்ற வீதிகளில் ஒவ்வொன்றாக இடித்து மாடி எழுப்புகிறார்கள். 2014இல் மழையில் இடிந்த மேரி கட்டடத்தை அரசு பழைய வடிவிலேயே கட்டி எழுப்பியது. ஒரு திண்ணை வீட்டை அப்படி யார் கட்டித் தருவார்?

அந்தத் திண்ணைகளில் உட்கார்ந்து கதை பேசிய கடைசித் தலைமுறை நாம்தான். கோடு கோணலானாலும் பரவாயில்லை. வான்கோவிடம் கற்ற துணிச்சலோடு, அவை நிற்கும்போதே வரைந்து வையுங்கள்.