ஆயுள் முழுதுக்கும் என்றால், யாருடைய ஆயுள்?

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளருக்கு நான் சொன்ன பதில் இன்னும் உறுத்துகிறது. ஐரோப்பிய சொகுசுக் கார். மீட்டரில் 90 ஆயிரம் கிலோமீட்டர். “கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றிவிடலாமா சார்?” என்று அவர் கேட்டார். அந்த ஆயில் வண்டியின் ஆயுள் முழுதுக்கும் போதும் என்று கையேட்டில் அச்சிட்டிருந்தது. “தேவையில்லை” என்றேன். ஒன்றரை லட்சத்தைத் தாண்டியபோது, இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறுகையில் வண்டி உதறத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தால் ஆயில் கறுத்து, தீய்ந்த வாடை அடித்தது. அடித்தட்டின் காந்தங்களில் இரும்புத் துகள் சேறுபோல அப்பியிருந்தது. அந்தக் கியர்பாக்ஸைச் சீர்செய்த செலவில் பல முறை ஆயில் மாற்றியிருக்கலாம். கையேட்டைக் காட்டி நான் தப்பித்திருக்கலாம். ஆனால், அவர் கருத்துக் கேட்டது என்னிடம்.

அதன் பிறகுதான் இந்த ‘ஆயுள் முழுதுக்கும்’ என்ற சொல்லைக் கவனமாகப் படிக்கத் தொடங்கினேன். ஐரோப்பிய சொகுசுக் கார்கள் பலவற்றுக்குத் தானியங்கி கியர்பாக்ஸ் செய்து தருவது ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம். ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80 ஆயிரம் முதல் 1.2 லட்சம் கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளுக்குள் ஆயிலை மாற்றிவிடும்படி அந்த நிறுவனமே பரிந்துரைக்கிறது. அதே கியர்பாக்ஸைப் பொருத்தி விற்கும் கார் நிறுவனங்களோ, மாற்றவே தேவையில்லை என்று கையேட்டில் எழுதியிருக்கின்றன. மெர்சிடிஸ் நிறுவனம் 1990-களின் நடுவில் கொண்டுவந்த ஐந்து வேகக் கியர்பாக்ஸின் ஆயிலையும் முதலில் மாற்ற வேண்டாதது என்றே சொன்னது. பின்னாளில் பராமரிப்பு அட்டவணையில் ஆயில் மாற்றத்தைச் சேர்த்தது. இதில் யாரும் பொய் சொன்னதாக நான் கருதவில்லை. கார் நிறுவனம் மனத்தில் வைத்திருப்பது முதல் உரிமையாளரின் ஐந்தாறு ஆண்டுகளை. அந்தக் காலத்தில் பராமரிப்புச் செலவு குறைவாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கியர்பாக்ஸ் செய்தவர் அது எத்தனை ஆண்டு உழைக்க வேண்டும் என்று பார்க்கிறார். இரண்டாவது, மூன்றாவது உரிமையாளருக்கு இந்த இரண்டாவது கணக்குதான் வேண்டும். அவர் கையில் இருப்பதோ முதல் கணக்கில் எழுதப்பட்ட கையேடு.

இப்படி இரண்டாவது, மூன்றாவது உரிமையாளராவோர் இப்போது பெருகிவிட்டார்கள். மெர்சிடிஸ் பென்ஸ் 1994-ல் இந்தியாவில் நிறுவனம் தொடங்கி, 1995-ல் புனேயில் டபிள்யூ124 வகைக் காரைத் தயாரித்தபோது, அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் தொழிலதிபர்கள். இன்று புதிய சிறிய காருக்கு ஆகும் பணத்தில் பத்து வயதுச் சொகுசுக் கார் கிடைக்கிறது. டெல்லி தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த பின், அங்கிருந்து தடையில்லாச் சான்றுடன் தெற்கே வரும் வண்டிகளை நான் தொடர்ந்து பார்க்கிறேன். 2025-ல் நீதிமன்றம் ஓரளவு தளர்வு தந்த பிறகும் அந்த வரத்து நிற்கவில்லை. ஒரு கணக்கை மட்டும் வாங்குவோர் போட மறந்துவிடுகிறார்கள். எடுத்துக்காட்டாக, 60 லட்சத்துக்கு விற்ற கார் பத்தாண்டில் 10 லட்சத்துக்கு இறங்கிவிடலாம். அதன் ஹெட்லைட்டும், கியர்பாக்ஸும், சஸ்பென்ஷனும் அப்படி இறங்குவதில்லை. அவை இன்னமும் 60 லட்ச ரூபாய்க் காரின் பாகங்கள். உதிரிபாகங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது உண்மையான உதவிதான். ஆனாலும் அடிப்படை மாறிவிடவில்லை.

‘எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது?’ என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. என் பார்வையில் அது நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வர வேண்டிய கேள்வி. கிரேக்கத்தின் தெசலோனிகி நகர டாக்ஸி ஓட்டுநர் கிரிகோரியோஸ் சசினிடிஸ், 1976-ம் ஆண்டு மெர்சிடிஸ் 240டி காரை 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டி, 2004-ல் நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். இடையில் இன்ஜினைப் பல முறை மாற்றியிருக்கிறார். மாற்று இன்ஜின்களைத் தயாராகவே வைத்திருந்தாராம். அமெரிக்காவில் 1996-ம் ஆண்டு லெக்ஸஸ் எல்எஸ்400 ஒன்று 2019-ல் பத்து லட்சம் மைலை, அதாவது 16 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அழியாத கார் என்று புகழ்பெற்ற அதே டபிள்யூ124-ல், 1990-களின் முதல் பாதியில் வந்த வண்டிகளின் இன்ஜின் ஒயரிங், வெப்பத்தில் மேலுறை நொறுங்கி உதிர்ந்தது. அதற்கு வண்டி ஓடியிருக்கவே வேண்டாம். வயதும் சூடும் போதும். இரும்பு ஓட்டத்தால் தேய்கிறது. ரப்பரும் பிளாஸ்டிக்கும் காலத்தால் கெடுகின்றன. நவீன சொகுசுக் காரில் இரண்டாவது வகைப் பொருள்தான் எங்கும் நிறைந்திருக்கிறது.

நம் ஊர்களில் இது இன்னும் கடுமை. கோவை அவிநாசி சாலை நெரிசலில் தினமும் இரண்டு மணி நேரம் நின்று நகரும் கார், மீட்டரில் ஆண்டுக்கு ஏழெட்டாயிரம் கிலோமீட்டர்தான் காட்டும். அதன் இன்ஜின் எத்தனை மணி நேரம், எத்தனை டிகிரி வெப்பத்தில் இயங்கியது என்பதை மீட்டர் சொல்வதில்லை. சேலத்துக்கும் சென்னைக்கும் நெடுஞ்சாலையில் போய்வந்து 2 லட்சம் ஓடிய வண்டியின் இன்ஜின், நகருக்குள்ளேயே 60 ஆயிரம் ஓடிய வண்டியைவிட நல்ல நிலையில் இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மீட்டரைத் திருத்துவது ஒரு தொழிலாகவே நடக்கும் நாட்டில் அந்த எண்ணை நம்பி விலை பேசுவதே தவறு. ஸ்டியரிங்கின் தேய்மானம், பிரேக் பெடல் ரப்பர், ஓட்டுநர் இருக்கையின் ஓரம், வண்டியின் பிற கணினிகளில் பதிவாகியிருக்கும் தூரம் ஆகியவற்றை அதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பில்கள் அடங்கிய கோப்பைக் கேளுங்கள்.

தள்ளிப்போட்ட வேலை எப்படி வளர்கிறது என்பதற்கு ஏர் சஸ்பென்ஷனை எடுத்துக்கொள்கிறேன். ஒரு நாள் காலையில் காரின் ஒரு மூலை லேசாகத் தாழ்ந்து நிற்கும். ஸ்டார்ட் செய்தால் சில நொடிகளில் எழுந்துவிடும். ‘எழுந்துவிட்டதே’ என்று உரிமையாளர் விட்டுவிடுவார். காற்றுப் பையின் ரப்பர் மடிப்பில் மயிரிழை வெடிப்பு விழுந்திருக்கிறது. இழக்கும் காற்றை ஈடுகட்ட கம்ப்ரஸர் மீண்டும் மீண்டும் ஓடுகிறது. சிறிது நேரம் ஓடி நிற்பதற்காகச் செய்யப்பட்ட மோட்டார் அது. சில மாதத்தில் சூடேறிக் கருகும். சில வேளை ரிலேயும் ஒட்டிக்கொண்டு பேட்டரியைத் தின்னும். ஒரு பையில் முடிந்திருக்க வேண்டிய செலவு மூன்று பாகங்களாகி வந்து நிற்கும். அப்போதும் கம்ப்ரஸரை மட்டும் மாற்றி, வெடித்த பையை அப்படியே விட்டு அனுப்பும் பணிமனைகள் உண்டு. புதிய கம்ப்ரஸரும் அதே வழியில் போகும்.

கூலண்ட் விஷயம் இன்னும் எளிமையானது, அதனாலேயே அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது. அளவு குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. கொங்கு வட்டாரத்தின் கடினநீர் ரேடியேட்டரின் நுண்குழாய்களில் உப்பாகப் படிகிறது. அலுமினியத்தை அரிப்பிலிருந்து காக்க கூலண்டில் கலந்துள்ள வேதிப்பொருள் நீர்த்துப்போகிறது. தெர்மோஸ்டாட் உறை, விரிவுத் தொட்டி, குழாய் இணைப்புகள் எல்லாம் பிளாஸ்டிக். பத்தாண்டுச் சூட்டில் அவை பிஸ்கட் போல நொறுங்கும். அவற்றில் ஒன்று நடுவழியில் உடைந்து, ‘அடுத்த ஊர் வரை போய்விடலாம்’ என்று ஓட்டினால், சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். ஆகவே, பழைய சொகுசுக் கார் ஒன்று என்னிடம் முதன்முறை வரும்போது, கூலிங் பாகங்களை உடையும்வரை காத்திராமல் மொத்தமாக மாற்றச் சொல்கிறேன். தேவையில்லாமல் செலவு வைக்கிறேன் என்று சிலர் நினைக்கிறார்கள். நல்ல பாகத்தைக் கழற்றுவது வீண் அல்லவா என்ற அவர்களின் கேள்வி நியாயமானதுதான். பிரேக் டிஸ்க், டயர், லோயர் ஆர்ம் புஷ் போன்றவை தேய்வது கண்ணுக்குத் தெரியும். அவற்றை முழுதும் உழைக்கவிட்டு மாற்றலாம். தெரியாமல் உடைந்து இன்ஜினையும் சேர்த்துக் கெடுக்கக்கூடியவற்றை மட்டுமே முன்கூட்டி மாற்றச் சொல்கிறேன்.

கியர்பாக்ஸ் ஆயிலிலும் ஒரு மறுப்பு உண்டு. இரண்டு லட்சம் வரை மாற்றாத ஆயிலைத் திடீரென மாற்றினால் கியர்பாக்ஸ் வழுக்கத் தொடங்கும் என்று அனுபவமுள்ள மெக்கானிக்குகளே சொல்வார்கள். முற்றிலும் தவறென்று நான் ஒதுக்க மாட்டேன். ஏற்கெனவே தேய்ந்துபோன கிளட்ச் தகடுகளை எந்த ஆயிலும் மீட்காது. அழுத்தம் கொடுத்துக் கழுவினால் அடைந்து கிடந்த துகள்கள் வால்வுகளுக்குள் போகவும் கூடும். அத்தகைய வண்டிகளில் நான் கழுவுவதில்லை. வடிகட்டியை மாற்றி, வடிந்த அளவுக்கு மட்டும் நிறுவனம் குறிப்பிட்ட ரக ஆயிலை ஊற்றி, குறிப்பிட்ட வெப்பநிலையில் இன்ஜின் ஓடும்போது அளவைச் சரிபார்த்து, சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து மீண்டும் ஒருமுறை மாற்றுகிறேன். பெரும்பாலும் பலன் தந்திருக்கிறது. தராத வண்டிகளும் உண்டு. அதை வேலை தொடங்கும் முன்பே உரிமையாளரிடம் சொல்லிவிடுகிறேன்.

செலவைக் குறைக்க நேர்மையான வழிகளும் இருக்கின்றன. லெம்ஃபோர்டர், சாக்ஸ், பாஷ், மாலே போன்ற நிறுவனங்கள் கார் நிறுவனங்களுக்கே பாகம் செய்து தருபவை. கார் நிறுவனத்தின் முத்திரை இல்லாமல், தங்கள் பெட்டியில் அவர்கள் விற்கும் பாகம் பெரும்பாலும் விலை குறைவு, தரத்தில் குறைவில்லை. இன்னொன்று, ஸ்கேனரைச் சரியாகப் படிப்பது. ஸ்கேனர் காட்டும் குறியீடு எந்தச் சர்க்யூட்டில் கோளாறு தெரிகிறது என்பதைத்தான் சொல்லும்; எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லாது. பேட்டரி தளர்ந்து மின்னழுத்தம் இறங்கினால் ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து குறியீடுகள் வரும். அவற்றைப் பார்த்து சென்சார் சென்சாராக மாற்றிய பிறகு என்னிடம் வந்த ஒரு காருக்கு, கடைசியில் தேவைப்பட்டது பேட்டரி மட்டும்தான்.

எங்கே நிறுத்த வேண்டும் என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. சென்னையின் 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய சொகுசுக் கார்களை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். பல மாடல்களில் கட்டுப்பாட்டுக் கணினிகளும் ஒயர் இணைப்புகளும் தரை விரிப்புக்கும் இருக்கைக்கும் அடியில் இருக்கின்றன. உள்ளே புகுந்த நீரின் வேலை ஈராண்டு கழித்துத் தெரியும். பிரேக்கிலும் அப்படித்தான். 2002-ல் வந்த மெர்சிடிஸ் இ-கிளாஸின் மின்-ஹைட்ராலிக் பிரேக் அமைப்பில், பெடல் மிதிப்பதை எண்ணி, ஆயுள் முடிந்ததும் எச்சரிக்கும் பம்ப் இருந்தது. 2004-ல் அந்த பிரேக்குக்காக 6.8 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2006-ல் இ-கிளாஸிலிருந்து அந்த அமைப்பே கைவிடப்பட்டது. பம்பில் பதிவான மிதிப்பு எண்ணிக்கையை மென்பொருளால் அழித்து, பழைய பம்பைப் ‘புதுப்பித்தது’ என்று விற்கிறார்கள். டீசல் கார்களின் புகை வடிகட்டியைக் குடைந்தெடுத்துவிட்டு, எச்சரிக்கை விளக்கு எரியாதபடி செய்வதும் எங்கள் தொழிலில் நடக்கிறது. இரண்டையும் என் பணிமனையில் செய்வதில்லை. பழைய வண்டிகள் காற்றைக் கெடுக்கின்றன என்ற குற்றச்சாட்டுக்கு நாமே சாட்சி சேர்க்கக் கூடாது.

இவ்வளவு சொன்ன பிறகும், நேர்மையாகப் பராமரிக்க விரும்பும் உரிமையாளருக்கும் மெக்கானிக்குக்கும் ஒரு கதவு மூடியே இருக்கிறது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பணிமனைகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்ததாக, 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மெர்சிடிஸ் பென்ஸும் பிஎம்டபிள்யூவும் அந்தப் பட்டியலில் இருந்தன. நிறுவனங்கள் தீர்ப்பாயத்துக்கும் நீதிமன்றங்களுக்கும் போயின. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுது நீக்கும் உரிமை’க்கான இணையதளத்தைத் தொடங்கியது, வாகனத் துறையும் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறது. நல்ல தொடக்கம்தான், ஆனால் கட்டாயச் சட்டம் அல்ல. எல்லாத் தகவலையும் திறந்துவிட்டால் திருடர்களும் சாவியைப் பிரதியெடுப்பார்கள் என்று நிறுவனங்கள் சொல்கின்றன. அந்த அச்சத்தில் உண்மை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2007-ம் ஆண்டு விதியிலேயே பழுதுநீக்கும் தகவல்களை வெளிப் பணிமனைகளுக்கும் தருவதைக் கட்டாயமாக்கியது. திருட்டுத் தடுப்பு தொடர்பான தகவல்களை மட்டும் சரிபார்த்து ஏற்கப்பட்ட பணிமனைகளுக்குத் தரும் ஏற்பாட்டையும் பின்னர் செய்தது. அதே ஏற்பாட்டை இங்கும் மத்திய அரசு சட்டமாக்க வேண்டும். இரண்டாவது பத்தாண்டுக்கான பராமரிப்பு அட்டவணையை ஒவ்வொரு நிறுவனமும் வெளியிட வேண்டும் என்பதையும் அதில் சேர்க்க வேண்டும்.

அதுவரை, பழைய சொகுசுக் கார் வாங்கப்போகும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலை பேசும் முன், கியர்பாக்ஸ் ஆயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கேட்டு, அதன் பில்லைப் பாருங்கள். பில் இல்லையென்றால் அந்தச் செலவை வண்டியின் விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.

- கட்டுரையாளர், கோவையில் பணிமனை நடத்தும் வாகனப் பொறியாளர்.