வேலி முனை வீடு

மொழிபெயர்ப்பவருக்கு ஊர்ப் பெயர் ஒரு தீராத தொல்லை. வேல்ஸ் நாட்டு ஊர்ப் பெயர் என்றால் தொல்லை இரட்டிப்பு. பெனபெர்த் என்ற பண்ணை வீட்டின் பெயரைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான் அதன் கதைக்குள் இழுக்கப்பட்டேன். ரயிலில் படுக்கும் பெர்த்துக்கும் இதற்கும் உறவில்லை. வெல்ஷ் மொழியில் ‘பென்’ என்றால் தலை அல்லது முனை. ‘பெர்த்’ என்றால் புதர்வேலி. ஆக, வேலி முனை. நடுவில் ஒரு சுட்டுச்சொல் வருவதால் ‘பெர்த்’தின் முதல் ஓசை இளகிவிடுகிறது. ‘படம்’ என்பதில் உள்ள ப, ‘கம்பம்’ என்பதில் உள்ள ப ஆகிறது. வெல்ஷ்காரர்கள் இதற்காக எழுத்தையே மாற்ற வேண்டும். தமிழில் இரண்டும் ஒரே ப. என் தொழிலில் இப்படிப்பட்ட சலுகைகள் அபூர்வம்.

வேல்ஸின் வடமேற்கு மூலையில், ஐரிஷ் கடலுக்குள் கை நீட்டியதுபோல் கிடக்கிறது லீன் தீபகற்பம். குன்றும் மேய்ச்சல் நிலமும் கடலும் சேர்ந்த பிரதேசம். அதன் தென்கரையில் புல்ஹெலி என்ற சிறு நகரம். நகருக்கு அருகே பென்ரோஸ் கிராமத்தில் பெனபெர்த் இருந்தது. ‘இருந்தது’ என்பதைக் கவனிக்கவும். வீடு 1936-ல் போய்விட்டது. நிலம் மட்டும் இருக்கிறது. அந்த நிலத்தில் யார் யார் குடியிருந்தார்கள் என்று பார்த்தால், ஒரு சிறிய மொழியின் சரித்திரம் முழுவதும் கண்ணில் படுகிறது.

தீபகற்பத்தின் நுனிக்கு அப்பால் என்லி என்று ஒரு தீவு உண்டு. ஆங்கிலேயர் அதைப் பார்ட்சி என்பார்கள். அங்கே 20,000 புனிதர்கள் அடக்கமாகியிருப்பதாக ஐதீகம். மூன்று தடவை என்லிக்குப் போனால் ஒரு தடவை ரோமாபுரிக்குப் போன புண்ணியம் என்று இடைக்காலத்தில் நம்பினார்கள். அந்த யாத்ரீகர்கள் இளைப்பாறிச் சென்ற வீடுகளில் பெனபெர்த்தும் ஒன்று. கவிஞர்களும் வருவார்கள். வெல்ஷ் கவிஞர்கள் பெரிய வீடுகளுக்குச் சென்று, குடும்பத்தைப் பாடி, பரிசில் பெற்றுப் போகும் மரபினர். பாணர், புரவலர் என்று சொன்னால் தமிழ் படித்த யாருக்கும் அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. பெனபெர்த் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கவிஞர்களை ஆதரித்தது.

16-ம் நூற்றாண்டில் அந்த வீட்டுப் பிள்ளை ஒருவர் பாதிரியார் ஆனார். பெயர் ராபர்ட் க்வின். இங்கிலாந்தின் அரசி முதலாம் எலிசபெத் காலத்தில் கத்தோலிக்கராக இருப்பது ஆபத்தான காரியம். வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்று நாட்டுக்குள் வருவது 1585-ம் ஆண்டுச் சட்டப்படி ராஜத்துரோகம், தண்டனை மரணம். க்வின் வெளிநாட்டில் படித்துப் பட்டம் பெற்று, அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே திரும்பியிருந்தார். மறைந்து வாழ்ந்தபடி வெல்ஷ் மொழியில் எழுதினார். அவர் எழுதியதாகக் கருதப்படும் சமயநூல் ஒன்றின் முதல் பகுதி, 1587-ல் லான்டட்னோவை அடுத்த கடற்குன்றின் குகை ஒன்றில் ரகசியமாக அச்சிடப்பட்டது. வேல்ஸ் மண்ணில் அச்சான முதல் புத்தகம் அதுதான் என்கிறார்கள். ஆக, யாத்ரீகருக்கும் கவிஞருக்கும் கதவைத் திறந்த வீடு, தலைமறைவாக வாழ்ந்த ஓர் எழுத்தாளரையும் தந்தது.

பிறகு கதை 1930-களுக்குத் தாவுகிறது. பிரிட்டிஷ் விமானப் படைக்கு, குண்டு போடப் பழகும் பயிற்சிப் பள்ளி வைக்க இடம் தேவைப்பட்டது. முதலில் இங்கிலாந்தில் நார்த்தம்பர்லாந்து, டார்செட் பகுதிகளைப் பார்த்தார்கள். அங்கே எதிர்ப்பு கிளம்பியது. இயற்கை ஆர்வலர்கள் காட்டுப் பறவைகளுக்காகவும் அபட்ஸ்பரி அன்னங்களுக்காகவும் பரிந்து பேசினார்கள். அரசு காது கொடுத்தது. அடுத்து லீன் தீபகற்பம் தேர்வானது. வேல்ஸில் எதிர்ப்பு இன்னும் பெரிது. ஐந்து லட்சம் பேரின் சார்பில் ஒரு தூதுக்குழு பேச விரும்பியது. பிரதமர் ஸ்டான்லி பால்ட்வின் அவர்களைச் சந்திக்கவே மறுத்துவிட்டார்.

அன்னங்களுக்குக் கிடைத்த செவி மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை. அதுவும் எந்த ஆண்டில்? வேல்ஸை இங்கிலாந்தோடு சட்டப்படி இணைத்து, நீதிமன்றங்களின் மொழி ஆங்கிலமே என்று 1536-ல் விதித்ததன் 400-ம் ஆண்டு நிறைவில்.

பழைய பண்ணை வீடு இடிக்கப்பட்டது. கட்டுமான வேலை தொடங்கியது. 1936 செப்டம்பர் 8 விடியற்காலையில் அங்கிருந்த கொட்டகைகளும் மரச்சாமான்களும் தீப்பற்றி எரிந்தன. மூன்று பேர் நேரே புல்ஹெலி காவல் நிலையத்துக்குப் போய், தீ வைத்தது நாங்கள்தான் என்றார்கள். ஒருவர் சாண்டர்ஸ் லூயிஸ். நாடகாசிரியர், விமர்சகர், ஸ்வான்சி பல்கலைக்கழகக் கல்லூரி விரிவுரையாளர். இன்னொருவர் லூயிஸ் வாலன்டைன், பாப்டிஸ்ட் போதகர். மூன்றாமவர் டி.ஜே. வில்லியம்ஸ்; 51 வயதுப் பள்ளி ஆசிரியர், சிறுகதை எழுத்தாளர். மூவரும் வெல்ஷ் தேசியக் கட்சியைச் சேர்ந்தவர்கள். 11 ஆண்டுகளுக்கு முன் அந்தக் கட்சி பிறந்ததும் அதே புல்ஹெலியில்தான்.

கார்னர்வன் நகரில் விசாரணை நடந்தது. உள்ளூர் ஜூரிகளால் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. வழக்கை லண்டனுக்கு மாற்றினார்கள். அங்கே 1937 ஜனவரியில் மூவருக்கும் ஒன்பது மாதச் சிறை விதிக்கப்பட்டது. தீர்ப்பு வருவதற்கு முன்பே லூயிஸைக் கல்லூரி வேலையிலிருந்து நீக்கிவிட்டது. விடுதலையானபோது கார்னர்வனில் 15,000 பேர் கூடி வரவேற்றார்கள். விசாரணையில் தங்கள் மொழி ஏளனப்பட்டது அந்த மக்கள் மனதில் தைத்திருந்தது. ஆங்கிலத்தில் பேச நேர்ந்தால் பாதகம் ஏற்படும் என்று கருதும் வெல்ஷ்காரர் நீதிமன்றத்தில் தம் மொழியில் பேசலாம் என்று 1942-ல் சட்டம் வந்தது. அதற்குப் பின்னால் இந்தக் கோபமும் இருந்தது.

மூவரில் என்னைக் கவர்பவர் டி.ஜே. வில்லியம்ஸ். தாம் பிறந்த குன்றுப் பக்கப் பண்ணையைப் பற்றி அவர் 1953-ல் ஒரு நூல் வெளியிட்டார். பெயரே ‘பழைய பண்ணை வீடு’ என்பதுதான். அதை ஆங்கிலத்தில் தந்தவர் வால்டோ வில்லியம்ஸ் என்ற கவிஞர். பிற்காலத்தில் டி.ஜே. அந்தப் பண்ணையை விற்றுப் பணத்தைக் கட்சிக்குக் கொடுத்தார். மண்ணின் மீது அவருக்கு ஆசை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எதற்காக விடலாம், எதற்காக விடக் கூடாது என்பதில்தான் அவருக்குத் தெளிவு இருந்தது.

சாண்டர்ஸ் லூயிஸ் அவ்வளவு எளிதில் போற்றத்தக்கவர் அல்ல. யூதர்களைப் பற்றி அவர் எழுதிய சில வரிகளை இன்று படித்தால் முகம் சுளிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் 1962-ல், தம் மொழி சாகப்போகிறது என்று வானொலியில் அவர் எச்சரித்ததைக் கேட்டுத்தான் ஒரு தலைமுறை இளைஞர்கள் வெல்ஷ் மொழி இயக்கம் கண்டார்கள். இரண்டும் ஒரே மனிதர் செய்தவை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது முறையல்ல.

இனி, நிலத்துக்கு வருவோம். தீ வைத்தும் பயன் இல்லை. 1937-ல் விமானத் தளம் திறக்கப்பட்டது. 1940-ல் ஜெர்மன் விமானங்கள் அதன்மீதே குண்டு வீசின. போர் முடிந்தது. அதன்பின் வந்த குடிகளை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. அவர்கள் போலந்துக்காரர்கள்.

பிரிட்டனோடு சேர்ந்து சண்டையிட்ட போலந்து வீரர்கள், சோவியத் பிடியில் சிக்கிய தாய்நாட்டுக்குத் திரும்ப அஞ்சினார்கள். அவர்களில் பலருடைய குடும்பங்கள் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டு, ஈரான் வழியாக உலகமெங்கும் சிதறியவை. நம் கோலாப்பூருக்குப் பக்கத்தில் வளிவடே முகாமில் போர்க் காலத்தில் சுமார் 5,000 போலந்து அகதிகள் இருந்தார்கள். 1947-க்குப் பிறகு அங்கிருந்தும் பலர் பிரிட்டனுக்குக் கப்பல் ஏறினார்கள். அப்படிப்பட்ட நாடற்றவர்களுக்குப் பென்ரோஸ் முகாமின் படைக் கொட்டகைகள் வீடாயின. தேவாலயம், கடை, நூலகம், முதியோர் மருத்துவ இல்லம் என்று ஒரு போலந்து கிராமமே அங்கே உருவானது. 70 ஆண்டுகளுக்கு மேல் அந்த நிலத்தில் போலந்து மொழி ஒலித்தது. எந்த வழிபாட்டுக்காக ராபர்ட் க்வின் ஒளிந்து திரிந்தாரோ, அதே கத்தோலிக்கப் பூசை, அவர் பிறந்த மண்ணில் கதவைத் திறந்து வைத்து நடந்தது.

பழந்தமிழில் ‘விருந்து’ என்றால் புதுமை, புதிதாக வந்தவர். உறவினருக்குச் சோறு போடுவது விருந்தோம்பல் ஆகாது. யாத்ரீகர், கவிஞர் என்று பெனபெர்த் முன்பு செய்துவந்த தொழில் அதுதான். நடுவே பத்தாண்டுக் காலம் குண்டு போடப் பழகக் கொடுத்த நிலம், பிறகு தன் பழைய தொழிலுக்குத் திரும்பிவிட்டது. போலந்துக்காரர்கள் வந்ததால் அந்த ஊரில் வெல்ஷ் அழியவில்லை. புதியவர்களால் மொழி அழியும் என்ற அச்சத்துக்கு இது ஒரு பதில்.

ஆனால் பாதிப் பதில்தான். விருந்தோம்ப வேண்டுமானால் முதலில் வீடு இருக்க வேண்டும். இன்று லீன் தீபகற்பத்தின் கவலை அதுதான். வெளியூர்ப் பணக்காரர்கள் விடுமுறைக்காக வீடு வாங்குகிறார்கள். விலை ஏறுகிறது. உள்ளூர்ப் பிள்ளைகள் வெளியேறுகிறார்கள். ஆண்டில் சில வாரங்கள் மட்டும் விளக்கு எரியும் வீட்டில் எந்த மொழியும் வாழாது. இரண்டாம் வீடு வைத்திருப்பவர்களுக்கு 2023 ஏப்ரல் முதல் 150 சதவீதம் கூடுதல் வரி போட்டது க்வினெத் கவுன்சில். போலந்து கிராமம் ஒரு வீட்டுவசதிச் சங்கத்தின் கைக்குப் போயிருக்கிறது. அங்கே அடுத்துக் குடிவருபவர்கள் ஆண்டு முழுவதும் விளக்கேற்றுபவர்களாக இருப்பார்களா என்பதைத்தான் ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பெனபெர்த்தில் மூவரின் நினைவாக ஒரு கல் நிற்கிறது. அபட்ஸ்பரியில் அன்னங்கள் இன்றும் சௌக்கியமாக நீந்துகின்றன. அவற்றின்மீது எனக்குப் புகார் ஒன்றும் இல்லை.