ஜிபியு கணினிக்குத் தனி லைன் போடுங்கள்

ஓசூர் சிப்காட்டில் இரண்டு லேத் வைத்துப் பட்டறை நடத்துபவர்கூட, மூன்றாவது இயந்திரத்தை இறக்கும் முன் அதன் மோட்டார் எத்தனை எச்.பி. என்று கேட்பார். அதற்கேற்ற கேபிள், தனி பிரேக்கர், எர்த் எல்லாம் போட்ட பிறகே சுவிட்சில் கை வைப்பார். இதே ஊரில் பாகலூர் சாலையிலோ மத்திகிரியிலோ வாடகை வீட்டில் இருந்துகொண்டு பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போய்வரும் ஓர் இளைஞர், செயற்கை நுண்ணறிவு மாடல்களை வீட்டிலேயே பயிற்றுவிக்க நான்கு கிராபிக்ஸ் கார்டுகள் (ஜிபியு) போட்டு ஒரு கணினி கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு ஒன்றுக்கு 450 வாட். நான்குக்கு 1,800. பிராசசர், ஃபேன் முதலியவற்றுக்கு இன்னொரு 300. மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாவதையும் சேர்த்தால் சுவரிலிருந்து இழுப்பது சுமார் 2,300 வாட். அதாவது மூன்று எச்.பி. மோட்டார் ஒன்றின் பளு. அதை டிவிக்கு வைத்த பிளக்கில் செருகுவது சரியல்ல. இந்தக் கணினியைத் தொழிற்சாலை இயந்திரமாகவே நடத்த வேண்டும், மீட்டர் பெட்டியிலிருந்து தனி லைன் இல்லாமல் ஓட்டக் கூடாது என்பதே என் வாதம்.

இதற்கு உடனே வரும் மறுப்பு, ‘இதெல்லாம் அமெரிக்காக்காரர்களின் கவலை’ என்பது. அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட். சாதாரண பிளக் லைன் 15 ஆம்பியர். நீண்ட நேரம் ஓடும் பளுவுக்கு அதில் 80 சதவீதம்தான் அனுமதி என்பதால் 1,440 வாட்டோடு கதை முடிந்துவிடுகிறது. நமக்கு 230 வோல்ட். 16 ஆம்பியர் பவர் பிளக்கில் 3,680 வாட் வரை எடுக்கலாம். இந்த வசதி உண்மைதான், ஆனால் அந்தப் பவர் பிளக் வீட்டில் எங்கே இருக்கிறது? சென்னையில் படுக்கையறைக்கு ஏசி பாயின்ட் வைப்பது வழக்கமாகிவிட்டது. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், ஒரு காலத்தில் ‘குட்டி இங்கிலாந்து’ என்று பெயர் வாங்கிய குளிர்ச்சியான ஊர். ஏசியை மனதில் வைக்காமல் கட்டிய பழைய வீடுகள் இங்கே நிறைய. அவற்றில் பவர் பிளக் குளியலறை கீசருக்கு ஒன்று, சமையலறையில் ஒன்று, அவ்வளவுதான். கணினி மேசை இருக்கும் அறையில் இருப்பது 6 ஆம்பியர் பிளக். அதன் எல்லை 1,380 வாட். இரண்டு கார்டு போட்ட கணினியே ஏறக்குறைய அந்த எல்லையைத் தொட்டுவிடும்.

பெரிய எஸ்எம்பிஎஸ்ஸுக்கான ஒயரின் முனையில் தடித்த 16 ஆம்பியர் பிளக் இருக்கும். அது 6 ஆம்பியர் ஓட்டையில் நுழையாது. நுழையக் கூடாது என்பதற்காகவே அந்த அளவை வைத்திருக்கிறார்கள். ஆனால், எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் சில பத்து ரூபாய்க்கு ஒரு கன்வர்ஷன் பிளக் கிடைக்கிறது. தடித்த பின்களை ஒரு பக்கம் வாங்கி, மறுபக்கம் மெல்லிய பின்களைச் சின்ன பிளக்குக்குக் கொடுக்கும். லட்சத்தைத் தாண்டும் கார்டுகளை வாங்கியவர் கடைசியில் இதை வாங்கிச் செருகும்போது, பிளக்கின் வடிவத்திலேயே இருந்த ஒரு பாதுகாப்பு கழன்றுவிடுகிறது.

‘எம்சிபி பிரேக்கர் இருக்கிறதே, ஆபத்து என்றால் ட்ரிப் ஆகிவிடுமே’ என்பது அடுத்த மறுப்பு. பலரும் நம்பியிருப்பது இதைத்தான். எம்சிபி காப்பது சுவருக்குள் ஓடும் ஒயரை. எவ்வளவு கரன்ட் ஓடுகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். விதிப்படி 16 ஆம்பியர் எம்சிபி, 18 ஆம்பியர் வரை ஒரு மணி நேரத்துக்குள் ட்ரிப் ஆகக் கூடாது. அந்த எம்சிபிக்குக் கீழே 6 ஆம்பியர் பிளக்கும் இருந்து, அதில் 10 ஆம்பியர் ஓடினால் அது வாயே திறக்காது. பிளக்குக்குள் தளர்ந்துபோன பித்தளைப் பிடியையும், முறுக்கிச் செருகியதோடு விட்ட ஸ்க்ரூவையும் அது பார்ப்பதில்லை. அப்படித் தளர்ந்த இடத்தில் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை இருப்பதாகக் கொள்வோம். 5 ஆம்பியர் ஓடினால் அங்கே இரண்டரை வாட் வெப்பம். 10 ஆம்பியர் ஓடினால் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு: 10 வாட். ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சிறு சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதில் ஐந்தில் இரண்டு பங்கு வெப்பம், ஒரு அரிசி அளவு இடத்தில், பிளாஸ்டிக்குக்கு நடுவே, இரவு பகலாக உட்கார்ந்திருக்கும். ஓட்டையைச் சுற்றி முதலில் லேசான பழுப்பு ஏறும். பிறகு கருகல் வாடை. சூட்டில் பித்தளை இளகிப் பிடி இன்னும் தளரும், தடை கூடும், வெப்பமும் கூடும். கரன்ட் மட்டும் அதே 10 ஆம்பியர் என்பதால் எம்சிபி சும்மா இருக்கும்.

இணைப்புதான் பலவீனமான இடம் என்பதை கார்டுகளே காட்டிவிட்டன. 2022 இறுதியில் 4090 கார்டுகளின் மின் இணைப்பான் உருகியதாகப் புகார்கள் வந்தன. அந்த இணைப்பானின் எல்லை 600 வாட். 12 வோல்ட்டில் அது 50 ஆம்பியர். அது ஆறு பின்கள் வழியே, ஒவ்வொன்றிலும் எட்டுக்கும் மேலாக ஓட வேண்டும். உலகெங்கும் சுமார் 50 நிகழ்வுகள் தெரியவந்திருப்பதாகவும், முழுமையாக அழுத்திச் செருகாததே பொதுவான காரணமாகத் தெரிகிறது என்றும் கார்டை உருவாக்கிய என்விடியா அந்த நவம்பரில் சொன்னது. செருகும் விதத்தை மட்டும் குறை சொல்ல முடியாது என்பது என் கருத்து. அவ்வளவு குறைந்த பாதுகாப்பு இடைவெளி விட்டு வடிவமைத்ததும் தவறுதான். அந்த இணைப்பான் பின்னர் திருத்தப்பட்டது. ஆனால், நம் வீட்டுச் சுவரில் பத்து வருடப் பழைய பிளக்கைத் திருத்த எந்த நிறுவனமும் வராது.

கீசரும் 2,000 வாட்தானே, அதற்கு இவ்வளவு பயமில்லையே என்று கேட்பது நியாயமான கேள்வி. கீசர் கால் மணி நேரம் ஓடித் தண்ணீர் சூடானதும் தானே நின்றுவிடும், சூடேறிய இணைப்பு ஆறிவிடும். பயிற்சியில் இருக்கும் ஜிபியு மூன்று நாள், ஒரு வாரம் என்று ஓடும். இன்னொரு வித்தியாசம் மின்னழுத்தம் குறையும்போது தெரியும். வோல்டேஜ் இறங்கினால் கீசரும் இஸ்திரிப் பெட்டியும் குறைவாகவே கரன்ட் எடுக்கும். எஸ்எம்பிஎஸ் அப்படியல்ல. கார்டுக்குத் தேவையான வாட்டைக் கொடுத்தே தீர வேண்டும் என்பதால், வோல்டேஜ் குறையக் குறைய அதிகக் கரன்ட் இழுக்கும். 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் எடுத்த அதே கணினி, மாலையில் 190க்கு இறங்கினால் 12 ஆம்பியர் எடுக்கும். லைன் ஏற்கெனவே திணறும் நேரத்தில்தான் இது அதிகம் கேட்கிறது.

எர்த் பற்றியும் சொல்ல வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் வடிகட்டி, சிறு கசிவு மின்சாரத்தை எப்போதும் எர்த்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். எர்த் ஒயர் பெயருக்கு மட்டும் இருந்தால், கணினியின் இரும்புப் பெட்டியைத் தொடும்போது விரல் நுனியில் சுர்ரென்று உணர்வது அதனால்தான். அதைப் பழகிக்கொள்ளக் கூடாது. உயிரைக் காப்பது கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும், உண்மையாகவே மண்ணில் இறங்கும் எர்த்தும்.

‘இதை ஏன் வீட்டில் வைக்க வேண்டும், இணையம் வழியே ஜிபியுவை வாடகைக்கு எடுக்கலாமே’ என்பார்கள். எப்போதாவது பயன்படுத்துபவர்கள் அப்படித்தான் செய்ய வேண்டும். 2024 மார்ச்சில் ஒப்புதல் பெற்ற, மத்திய அரசின் இந்தியா ஏஐ திட்டத்தில் மணிக்கு 65 ரூபாய் அளவில் ஜிபியு கிடைக்கிறது. ஆனால், நான்கை இரண்டு மாதம் இடைவிடாமல் எடுத்தால் மூன்றே முக்கால் லட்சம் ரூபாய். அவை வீட்டுக் கார்டுகளைவிட வேகமானவை என்றாலும், இது சிறிய தொகையல்ல. வீட்டுக் கணினி அதே காலத்தில் எரிப்பது சுமார் 3,300 யூனிட். 2022 செப்டம்பர் கட்டணத்திலேயே 32 ஆயிரம் ரூபாய்க்கு அருகே. பிறகு கட்டணம் ஏறியிருக்கிறது. தொடர்ந்து உழைப்பவருக்கு வீட்டில் வைப்பதில் நியாயம் இருக்கிறது, அதனால்தான் அதை முறையாக வைக்கச் சொல்கிறேன். அதைக் கொண்டு சம்பாதிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வீட்டு இணைப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்தினால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி இரு மடங்கு கட்டணம் விதிக்கப்படலாம்.

வாடகை வீட்டில் இதற்கெல்லாம் உரிமையாளர் சம்மதிப்பாரா என்பதே உண்மையான தடை. தனி லைன் வீட்டுக்கே நிற்கும் சொத்து. பின்னால் வருபவர் ஏசி போடலாம், மின்சார ஸ்கூட்டரை சார்ஜ் செய்யலாம். ஸ்கூட்டர்களைத் தயாரிக்கும் ஊரில் இது தேவைப்படும் என்பதை உரிமையாளருக்கு விளக்குவது கடினமல்ல. செலவை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளவும் பேசலாம். லைன் வரும்வரை மென்பொருளில் ஒவ்வொரு கார்டின் எல்லையையும் 300 வாட்டுக்கு இறக்கி, இரண்டு கார்டுகளை மட்டும் ஓட்டலாம். இப்படி எல்லையை இறக்கும்போது வேகத்தில் இழப்பது மின்சாரத்தில் மிச்சமாவதைவிடக் குறைவு. உரிமம் பெற்ற ஒயர்மேனிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: மீட்டர் பெட்டியிலிருந்து நடுவே ஒட்டுப் போடாத 4 ஸ்கொயர் செம்பு ஒயர், அதற்கென்று ஒரு 16 ஆம்பியர் எம்சிபி, ஆர்சிசிபி, எர்த்தோடு ஒரு 16 ஆம்பியர் பிளக். முதல் நாள் முழுப் பளுவில் ஒரு மணி நேரம் ஓட்டி, சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவிப் பின்களைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம், கை சுடக் கூடாது. ஒரு மாதம் கழித்து மெயினை அணைத்துவிட்டு அந்த ஒயர்மேனையே வரவழைத்து, ஸ்க்ரூக்களை இன்னொரு முறை இறுக்கச் சொல்லுங்கள்.