தானாகத் திறக்கும் கதவும் இடமில்லாத கராஜும்

அமெரிக்கப் புறநகர் வீடுகளில் கராஜ் என்பது பெயருக்குத்தான் கார் நிறுத்தும் இடம். புல்வெட்டும் மெஷின், குழந்தைகளின் சைக்கிள்கள், பழைய சோபா, வீடு மாறியபோது பிரிக்காமல் விட்ட அட்டைப்பெட்டிகள் என்று எல்லாம் அங்கேதான் தஞ்சம். மிச்சமிருக்கும் இடத்தில்தான் காரும் நுழைய வேண்டும். அந்தக் காரின் கதவு மோட்டார் வைத்துத் தானாகத் திறக்கும் கதவாக இருந்துவிட்டால்?

இந்தக் கேள்விக்குச் சரியான உதாரணம் டெஸ்லாவின் மாடல் எக்ஸ். 2015 செப்டம்பரில் அறிமுகமான இந்தக் காரின் பின்கதவுகள் பக்கவாட்டில் திறக்காது. பறவை இறக்கையைத் தூக்குவது போல மேலே எழும். மேலே தூக்கும் கதவு ஒன்றும் புதிதல்ல. 1954-ல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்.எல்., 1981-ல் வந்த டிலோரியன் இரண்டிலும் இருந்ததுதான். ஆனால் அவற்றில் கூரையில் மட்டும்தான் கீல். திறப்பது மனிதனின் கை. மாடல் எக்ஸ் கதவுக்குக் கூரையில் ஒன்று, நடுவில் ஒன்று என இரண்டு இடத்தில் மடிப்பு, திறப்பது மோட்டார். பக்கத்தில் சுமார் 30 செ.மீ. இடம் இருந்தாலே போதும் என்பதுதான் நிறுவனம் பெருமையாகச் சொன்ன விஷயம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கராஜின் உள் அகலம் 10 அடி, அதாவது சுமார் 305 செ.மீ. கண்ணாடிகளைச் சேர்க்காமல் காரின் அகலம் சுமார் 200 செ.மீ. மீதி 105. ஒரு சுவரோரம் 40 செ.மீ. அலமாரி வைத்தால் 65-தான் மிச்சம். காரைச் சரியாக நடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு 32 செ.மீ. கதவுக்கு வேண்டியது 30. ஒரு சைக்கிள் கைப்பிடி கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் கணக்கு தீர்ந்தது!

மேலேயும் ஒரு சிக்கல் உண்டு. கதவுகள் முழுதாகத் திறந்தால் காரின் உயரம் சுமார் 2.2 மீட்டர். அமெரிக்க வீடுகளில் வழக்கமான கராஜ் கதவின் உயரம் 7 அடி, அதாவது 2.13 மீட்டர். அந்தக் கதவும் மேலே ஏறி, கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் படுத்துக்கொள்ளும் வகை. காரைப் பாதி உள்ளே விட்டபடி பின்கதவைத் திறந்தால் இரண்டு கதவுகளும் முட்டிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.

அதற்குத்தான் சென்சார் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது. பெரும்பாலான நேரம் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ஒலியலை சென்சாருக்கு அகலமான, கடினமான சுவர் தெரிவது போல மெல்லிய கம்பியோ தொங்கும் துணியோ தெரியாது. சென்சார் மேல் சேறும் பனியும் ஒட்டினால் அதன் கணிப்பு தடுமாறும். கராஜில் இருப்பதெல்லாம் என்ன? மெல்லிய கம்பியும் தொங்கும் துணியும்தான்!

சுவரில் உரசினால் பெயிண்ட் போகும், பணம் செலவாகும், அவ்வளவுதான். உண்மையான கவலை வேறு. காருக்கும் சுவருக்கும் நடுவே உள்ள அந்த முப்பது சென்டிமீட்டரில்தான் குழந்தை நிற்கும். பந்து உருண்டு போவதும் அங்கேதான். மாடல் எக்ஸில் தானியங்கிக் கதவு வசதியை இயக்கி வைத்திருந்தால், சாவியோடு நெருங்கினாலே ஓட்டுநர் கதவு திறந்துகொள்ளும். உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்தால் மூடிக்கொள்ளும். பிரேக்கை மிதிப்பவரின் கண் எங்கே இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வேன்களில் வரும் மோட்டார் சறுக்குக் கதவு குறுகிய இடத்துக்கு மிகவும் ஏற்றது. ஆனால் அதுவும் பின்பக்கமாக ஓடும்போது அங்கே நிற்பவர் மீது மோதக்கூடும்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அதே கராஜின் கதவுக்குச் சட்டம் இருக்கிறது. தானியங்கி கராஜ் கதவில் சிக்கிக் குழந்தைகள் இறந்த பிறகு அமெரிக்காவில் 1990-ல் சட்டம் வந்தது. 1993 ஜனவரி 1 முதல் தயாராகும், வீடுகளுக்கான ஒவ்வொரு கராஜ் கதவு மோட்டாருக்கும், குறுக்கே யாராவது வந்தால் கதவைத் திருப்பும் ஒளிக்கதிர் கண் போன்ற கூடுதல் பாதுகாப்பு கட்டாயம். கார் ஜன்னலுக்கும் விதி உண்டு. தானாக ஏறும் கண்ணாடி எதிலாவது சிக்கினால், அழுத்தம் 100 நியூட்டனைத் தாண்டும் முன் திரும்ப வேண்டும் என்கிறது அமெரிக்க வாகனப் பாதுகாப்பு விதி எண் 118. ஆனால் அந்த விதியின் தலைப்பில் இருப்பவை ஜன்னல், உள்தடுப்பு, கூரைப் பலகை மூன்றும்தான். கதவு இல்லை. ஜன்னல் கண்ணாடியை விடப் பல மடங்கு கனமான கதவுக்கு இதே போன்ற அளவுகோல் வேண்டாமா? நிச்சயம் வேண்டும். தயாரிப்பாளரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது.

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை வீட்டில் செய்யக்கூடியவை சில:

1. கராஜுக்குள் நுழையும் முன்பே குழந்தைகளையும் பெரியவர்களையும் வெளியே இறக்கிவிட வேண்டும். இறங்கியவர்கள் கார் நின்ற பிறகே உள்ளே வர வேண்டும். இதை விடச் சிறந்த சென்சார் கிடையாது.

2. தானாகத் திறக்கும் வசதியை அணைத்துவிடலாம். பட்டனை அழுத்தினால் மட்டும் திறக்கட்டும். அழுத்துபவர் கதவைப் பார்த்துக்கொண்டே அழுத்தட்டும். ரிமோட்டில் தூரத்திலிருந்து திறக்கும் பழக்கம் கராஜில் வேண்டாம்.

3. மோட்டார் டிக்கி உள்ள பல கார்களில் திறக்கும் உயரத்தைக் குறைக்கலாம். வேண்டிய உயரத்தில் நிறுத்தி, பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் அதை நினைவில் வைத்துக்கொள்ளும்.

4. கூரையிலிருந்து கயிற்றில் ஒரு டென்னிஸ் பந்தைத் தொங்கவிடுவது அமெரிக்கர்களின் பழைய வழக்கம். பந்து முன்கண்ணாடியைத் தொட்டால் கார் சரியான இடத்தில் நிற்கிறது என்று அர்த்தம். செலவு ஒரு பந்துதான்!

5. கதவு தொடும் சுவரில் ஒரு நுரைப் பட்டையோ பழைய தரைவிரிப்போ ஒட்டிவிடலாம்.

6. மின்சாரம் போனால் கதவைக் கையால் திறப்பது எப்படி என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். மாடல் எக்ஸின் பின்கதவில் ஸ்பீக்கர் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் கம்பியை இழுத்து, பிறகு கதவைத் தூக்க வேண்டும். புகை சூழ்ந்த கராஜில், இருட்டில், முதன்முறையாக இதைத் தேடினால் கிடைக்குமா? ஓய்வான ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஒரு முறை செய்து பார்ப்பது நல்லது.

தானியங்கிக் கதவே கூடாது என்பதல்ல வாதம். மூட்டுவலி உள்ள முதியவருக்கும், இரண்டு கையிலும் குழந்தையோடு நிற்கும் தாய்க்கும் அது பெரிய உதவி. ஆனால் கையால் திறக்கும் கதவு எதிலாவது இடித்தால் கைக்கு உடனே தெரியும், கை நின்றுவிடும். மோட்டாருக்கு அந்த உணர்வை யாராவது கற்றுக்கொடுத்தால்தான் உண்டு. அது முழுதாகக் கற்றுக்கொள்ளும் வரை, கதவு அசையும் அந்தச் சில நொடிகள் கண்ணை அதன் மேலேயே வைத்திருப்பது ஓட்டுபவரின் கடமை.

அட்டைப்பெட்டிகளை எப்போது பிரிப்பது? அதையும் அந்த ஞாயிற்றுக்கிழமையே செய்துவிடலாம்!