கருடனுக்குக் கோழித்தோல்

கோயில் கும்பாபிஷேகத்திற்குச் சென்றவர்களுக்கு அந்தக் காட்சி நன்றாகத் தெரியும். கலசத்தில் புனித நீர் ஊற்றும் நேரம் நெருங்க நெருங்க, கூட்டம் கோபுரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு வானத்தைப் பார்க்கத் தொடங்கும். "அதோ, கருடன்!" என்று யாராவது குரல் எழுப்பினால் போதும், பாட்டிமார் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு, செங்காவி நிறச் சிறகுகள் கொண்ட செம்பருந்துதான் அந்தக் கருடன். அதே பறவையை லங்காவியில் படகேறிச் சென்று பார்க்கும்போது மட்டும் நாம் என்ன செய்கிறோம்? கோழித்தோல் வீசப்படுவதை வேடிக்கை பார்க்கிறோம், கைபேசியில் படம் பிடிக்கிறோம், ஐந்து நிமிடத்தில் அடுத்த இடத்திற்குப் போகச் சொல்கிறோம்.

விடுமுறை வந்தால் நம் மாணவர்கள் கூட்டமாகக் கிளம்பும் இடங்களுள் லங்காவியும் ஒன்று. செலவைப் பங்கு போட்டுக்கொள்ள ஆள் இருந்தால் தனிப் படகு எடுப்பது அப்படியொன்றும் பெரிய ஆடம்பரமும் அல்ல. எனவே இது நமக்குத் தொடர்பில்லாத செய்தி என்று எந்த வாசகரும் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

லங்காவி என்னும் பெயரே பருந்திலிருந்து வந்தது என்பார்கள். மலாயில் 'ஹெலாங்' என்றால் பருந்து. 'காவி' என்றால் செம்பழுப்பு நிறக் கல். நம் காவியும் அந்தக் காவியும் உறவுதானோ என்று மொழி படிப்பவர்கள் ஆராயட்டும். குவா படகுத்துறையில் இறங்கியதும் கண்ணில் படுவது 12 மீட்டர் உயரப் பருந்துச் சிலை. 2007-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் யுனெஸ்கோ இத்தீவுக் கூட்டத்தை உலகப் புவிப்பூங்காவாக ஏற்றது. தென்கிழக்காசியாவில் அந்தப் பெருமையை முதலில் பெற்றது லங்காவிதான். அதன் வடகிழக்கில், சுண்ணாம்புப் பாறைக் குன்றுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து அந்தமான் கடலில் சேரும் கிலிம் ஆறும் அதன் கண்டல் காடுகளும் படகுச் சவாரிக்குப் பெயர் பெற்றவை.

சவாரி ஏறக்குறைய எப்போதும் ஒரே வரிசைதான். வௌவால் குகை, மிதக்கும் மீன் பண்ணை, பருந்து, பிறகு திறந்த கடல், தஞ்சோங் ரூ கரை, திரும்பவும் படகுத்துறை. பருந்து வரும் இடத்தில் படகோட்டி வேகத்தைக் குறைத்து, வாளியிலிருந்து கோழித்தோலையோ குடலையோ அள்ளி நீரில் எறிவார். சில நேரங்களில் எறிய வேண்டியதே இல்லை; படகின் இயந்திரத்தை முறுக்கும் ஓசை கேட்டாலே பறவைகள் வந்துவிடுகின்றன. உணவு வேளை மணிக்கு ஓடிவரும் விடுதி மாணவர்களைப் போல!

படகோட்டிகளின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. செம்பருந்து வேட்டையாடும் பறவை மட்டுமன்று. செத்த மீன், நண்டு, மீனவர் எறியும் கழிவு எல்லாவற்றையும் அது உண்ணும். துறைமுகங்களின் மேல் வட்டமிடுவது அதன் பழைய வழக்கம். அப்படியிருக்க, கோழித்தோல் மட்டும் எப்படிப் பாவமாகும் என்று அவர்கள் கேட்டால் சட்டென்று பதில் சொல்வது எளிதன்று.

ஆனால் பதில் இருக்கிறது. மீன் கழிவில் முள் இருக்கும், எலும்பு இருக்கும், சதை இருக்கும். கோழித்தோலில் இருப்பது பெரும்பாலும் கொழுப்பு. முட்டை ஓட்டுக்கும் குஞ்சின் எலும்புக்கும் வேண்டிய சுண்ணச்சத்து அதில் இல்லை என்றே சொல்லலாம். மீனவர் எறியும் கழிவு ஒரு நாள் கிடைக்கும், ஒரு நாள் கிடைக்காது. சுற்றுப்பயணிகளின் படகோ காலை முதல் மாலை வரை வந்துகொண்டே இருக்கிறது. இரை தேடப் பழக வேண்டிய இளம் பறவை அந்தப் பருவத்தில் படகைத் தேடப் பழகுகிறது. வெண்வயிற்றுக் கடற்பருந்தின் நிலை இன்னும் ஒருபடி மேல். அது தனக்கென்று எல்லை வகுத்து இணையோடு வாழும் பறவை; மீனையும் கடற்பாம்பையும் தானே பிடித்துண்ணும். அதையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்து எச்சிலுக்குச் சண்டையிட வைத்துவிட்டு, 'வனவிலங்கு பார்த்தேன்' என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. நாம் பார்த்தது வனவிலங்கை அன்று. நம்மிடம் பிச்சையெடுக்கப் பழக்கப்பட்ட ஒன்றைத்தான்.

குரங்குகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பத்துமலைப் படியேறிய அனைவருக்கும் அந்தப் பாடம் தெரியும்.

அண்டை நாடான சிங்கப்பூரில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2020 ஜூன் முதல் அங்கே வனவிலங்குகளுக்கு உணவளிப்பது குற்றம். முதல் முறை பிடிபட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம். அலாஸ்காவில் 2001 முதல் கூன்முதுகுத் திமிங்கிலங்களை 100 கஜத்துக்குள் படகில் நெருங்கக் கூடாது. அங்கே போகிறவர்கள் எல்லாம் ஏமாந்தா திரும்புகிறார்கள்? தூரத்தில் வைத்துப் பார்ப்பதற்காகவே உலகெங்கிலுமிருந்து பணம் செலவழித்துப் போகிறார்கள்.

உணவைவிட எனக்குக் கவலையளிப்பது வேகம். கிலிம் ஆற்றில் ஒரு படகு விரைந்து போனால் அதன் பின்னால் எழும் அலை இரு கரைகளையும் அறைகிறது. கண்டல் மரம் நிற்பது சேற்றில். அந்தச் சேற்றை அலை கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போகிறது. வேரின் அடியில் மண் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும் மரங்களையும், ஆற்றுக்குள் சாய்ந்துவிட்ட மரங்களையும் படகில் இருந்தபடியே பார்க்கலாம். யாரும் வெட்டவில்லை, யாரும் எரிக்கவில்லை. அடுத்த குழு காத்திருக்கிறது என்று அவசரப்பட்டதால் விழுந்த மரங்கள் அவை.

கடலுக்கு வந்தால் கதை நீருக்கு அடியில் நடக்கிறது. லங்காவியைச் சுற்றிக் கூன்முதுகு ஓங்கில்களும் ஐராவதி ஓங்கில்களும் வாழ்கின்றன. ஓங்கில் ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டுத்தான் இரையை அறிகிறது. ஒலியாலேயே தன் கூட்டத்தோடு பேசுகிறது. அவற்றைத் துரத்தும் இயந்திரப் படகு, கண்பார்வையற்ற ஒருவரின் காதருகே மேளம் அடிப்பதற்குச் சமம். மலேசியக் கடல்வாழ் பாலூட்டிகளை ஆராய்வதற்கென்றே 2012-இல் தொடங்கப்பட்ட மேர்செட் என்னும் அமைப்பு லங்காவி ஓங்கில்களையும் ஆராய்ந்து வருகிறது. அதன் நிறுவநர்களுள் ஒருவர் லூயிசா பொன்னம்பலம். பொறியியலும் மருத்துவமும் தவிர வேறு படிப்பே இல்லை என்று நம் வீடுகளில் நினைக்கிறவர்கள் அந்தப் பெயரை ஒருமுறை மெல்லப் படித்துப் பார்க்கலாம்.

சரி, கோழித்தோலும் வேண்டாம், வேகமும் வேண்டாம் என்றால் பிறகு பார்ப்பதற்கு என்னதான் இருக்கும்? நிறைய இருக்கும். நீர் வற்றும் நேரத்தில், ஒதுக்கமான ஒரு கிளையாற்றில் இயந்திரத்தை நிறுத்திப் பத்து நிமிடம் பேசாமல் இருந்தால் போதும். முதலில் சேறு அசையும். உற்றுப் பார்த்தால் சேற்றுத்தாவி மீன்கள். ஒரு கை மட்டும் பெரிதாக உள்ள பிடில் நண்டு, யாரையோ கூப்பிடுவதுபோல் அந்தக் கையை ஆட்டிக்கொண்டிருக்கும். கிளையில் சுருண்டு கிடக்கும் விரியன் பாம்பு இலையோடு இலையாகத்தான் தெரியும். பழுப்புச் சிறகு மீன்கொத்தி, நீர்நாய், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமிட்ட லங்கூர் குரங்கும் அதன் மாம்பழ நிறக் குட்டியும். இவை எல்லாம் எல்லா நாளும் கிடைப்பதில்லை. சில நாளில் சேறும் கொசுவும்தான். அதற்கும் தயாராக இருப்பவரே வனவிலங்கு பார்க்கப் போகலாம். உறுதியான காட்சி வேண்டுவோருக்கு மிருகக்காட்சிசாலை இருக்கிறது.

பழியை முழுவதும் படகோட்டிகள் மேல் போடுவது நியாயமன்று. சுற்றுப்பயணி கேட்பதைத்தான் அவர் தருகிறார். "பருந்து வரவில்லை" என்று முகம் சுளிப்பவர்கள் நாம்தானே! தனிப் படகில் உள்ள வசதியே இதுதான்: வாடகை தலைக்கு இவ்வளவு என்றில்லாமல் படகுக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. அந்தச் சில மணி நேரத்தை எப்படிச் செலவழிப்பது என்று சொல்லும் உரிமை வாடகை கொடுப்பவருக்கு உண்டு. நிறுத்தங்களைக் குறைத்துக்கொள்ளலாம். மீன் பண்ணையை விட்டுவிட்டு அந்த நேரத்தைக் கிளையாற்றில் கழிக்கலாம்.

அடுத்த விடுமுறைக்கு லங்காவிப் பயணம் ஏற்பாடு செய்யும் கழகத் தோழர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன்பே இதைப் பேசி முடித்துவிடுவது நல்லது. படகில் ஏறியபின் முப்பது பேர் ஆளுக்கொன்று சொன்னால் எதுவும் நடக்காது. "பாங், தா பாயா பாகி மாக்கான், ஜாலான் பெர்லாஹான் சாஜா" என்று ஒருவர் பணிவாகச் சொன்னால் போதும். கோழித்தோல் வாங்கும் செலவு மிச்சமென்று அவரும் மகிழ்வார். இறங்கும்போது அவர் கையில் பத்து ரிங்கிட் கூடுதலாகக் கொடுங்கள், மறுநாள் வரும் குழுவிடம் அவரே முந்திக்கொண்டு, "மெதுவாகப் போகட்டுமா?" என்று கேட்கக்கூடும்.