எள் வயலில் இரு விட்டில்கள்

பிசான நெல் அறுவடையான பின் மாசியில் எள் விதைக்கும் ஆற்றுப்பாசனக் குடியானவர்களுக்கும், மேட்டு நிலங்களில் மானாவாரியாக எள் போடுவோருக்கும், அவர்தம் பயிர்களை அடங்கலில் பதியும் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் ஒரு விஷயத்தைச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. எள் வயலில் நம்மவர் அஞ்சும் பூச்சி ஒன்று. மகசூலைக் கொள்ளையிடுவது வேறொன்று.

அஞ்சப்படுவது மண்டையோட்டு விட்டில். சிறகு விரிந்தால் சுமார் 4 அங்குலம். பின்சிறகும் வயிறும் மஞ்சளும் கருமையுமான பட்டைகள் உடையவை. முதுகின்மேல் மண்டையோட்டை ஒத்த குறி ஒன்றுண்டு. பிடித்தால் சுண்டெலிபோலக் கீச்சிடும். இதன் ஐரோப்பிய உடன்பிறப்பை அந்நாட்டார் நெடுங்காலம் சாவின் தூதென்று அஞ்சினர். 1758-ல் அதற்குப் பெயரிட்ட லின்னேயஸும் உயிர்நூலை அறுக்கும் கிரேக்கத் தேவதையின் பெயரையே சூட்டினார். முதுமக்கள் தாழிகள் நிறைந்த ஆதிச்சநல்லூர்ப் பறம்பின் அயலில் இத்தகைய குறியுடைய பூச்சி இரவில் விளக்கை நாடி வந்தால் எவருக்கும் மனம் சற்றுத் திடுக்கிடவே செய்யும். ஆயினும் இது தேனீக் கூட்டில் புகுந்து தேனைத் திருடுமேயன்றி மனிதருக்கு யாதொரு தீங்கும் செய்யாது.

இதன் புழு விரலினும் பருத்தது. பக்கங்களில் சாய்ந்த கோடுகளும் வாலில் ஒரு கொம்பும் உடையது. எள், அவரை, கத்தரி இலைகளைத் தின்னும். முட்டைகளைத் தாய் ஒவ்வொன்றாகவே இடுவதால் வயலில் புழுக்கள் சிலவே காணப்படும். கையால் பொறுக்கி அழித்தால் போதும். மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடப்பவற்றை அறுவடைக்குப் பின் ஆழ உழுதால் மைனாவும் கொக்கும் பார்த்துக்கொள்ளும். இதற்கென வயல் முழுவதும் விஷமருந்து தெளிப்பது வீண்செலவு என்பதே என் அபிப்பிராயம்.

மற்றது, செம்மஞ்சள் நிறமுள்ள மிகச் சிறிய விட்டில். தென் ஐரோப்பாவிலும் உள்ள இனமே இது. பிரெஞ்சுக்காரரான துய்போன்ஷெல் 1833-லேயே இதனை விவரித்து எழுதினார். இதனைக் குடியானவர் எவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. தாய் இளந்தளிரில் தனித்தனியே முட்டையிடுகிறது. சில நாட்களில் வெளிவரும் புழு நுனி இலைகளை நூலால் பிணைத்து, அக்கூட்டினுள் இருந்துகொண்டு குருத்தைத் தின்கிறது. இளஞ்செடியாயின் குருத்துப் போனபின் வளர்ச்சி நின்றுவிடும். பூக்கும் தருணத்தில் பூவினுள் இருந்து தின்னும். காய்ப்பருவத்தில் காயைத் துளைத்து விதையை உண்ணும். சுமார் இரண்டு வாரம் இவ்வாறு தின்றபின் இலைமடிப்பிலேயே கூடு கட்டிக்கொள்ளும். ஏறக்குறைய மூன்று நான்கு வாரங்களில் ஒரு தலைமுறை முடிகிறது. எள்ளோ 85, 90 நாள் பயிர். ஆகவே முதல் தலைமுறையைக் கவனியாது விட்டவர் மூன்றாம் தலைமுறையைத் தம் காய்களிலேயே சந்திப்பார்.

வரப்பில் நின்று பார்த்தால் இச்சேதம் புலப்படாது. வயல் பச்சையாகவே இருக்கும். பயிர் நிலையை எழுதச் செல்லும் உத்தியோகஸ்தர் வரப்போடு திரும்பிவிட்டால், காய் உதிர்த்துப் பார்க்கும் நாளில்தான் நஷ்டம் தெரியவரும். அப்போது யாரிடம் முறையிட்டும் பயனில்லை. விதைத்த மூன்றாம் வாரத்திலேயே வயலுக்குள் இறங்கி, ஐந்தாறு இடங்களில் நுனிகளை எண்ணிப் பார்க்கவேண்டும். செடி கலைக்கும் வேலையும் அத்தருணத்தில்தான் வருகிறது. பிணைந்த நுனியுள்ள செடிகளை முதலில் பிடுங்கி அழிக்கும்படி வேலையாட்களுக்குச் சொன்னால் தனிச்செலவே இல்லை. ஆனால் பிடுங்கியவற்றை வரப்பில் எறிந்துவிடுவது நம்மவர் வழக்கம். புழு அங்கிருந்து திரும்ப ஊர்ந்து வரும், குழியிலிட்டு மூடவேண்டும்.

பத்துச் செடிக்கு ஒன்று பிணைந்திருந்தால் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். 5 கிலோ பருப்பை இடித்து இரவு நீரில் ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துக்கொள்வது. மாலையில் தெளிப்பது நலம்; காலையில் எள் பூவை நாடித் தேனீக்கள் வருகின்றன. இப்புழுவின் உடலில் முட்டையிட்டு அதனைக் கொல்லும் சிறு குளவிகளும் வயலில் உண்டு. கொம்புப் புழுவுக்கு அஞ்சிக் கடுமருந்து தெளிப்பவர், தேனீயோடு இக்குளவிகளையும் சேர்த்தே அழிக்கிறார். நூற்கூட்டினுள் மறைந்திருக்கும் சிறு புழுவோ பெரும்பாலும் தப்பிவிடுகிறது.