மின் இணைப்பு யார் பெயரில்?

போளூரிலிருந்து அத்திமூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறும் பஸ்ஸில் பத்து வருஷம் எனக்கு டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட். வளைவுகளில் குடல் புரட்டாமல் இருக்க அதுதான் தோதான இடம் என்று முதல் மாதமே கண்டக்டர் சொல்லிவிட்டார். மடியில் ஒரு ஃபைல், அது நிறைய வவுச்சர்கள். ஜவ்வாதுமலையில் என் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. ‘கணக்கு மேடம்’ என்று கேட்டால் கானமலைப் பக்கம்கூட வழி சொல்வார்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் ஓடிய ஒரு சிறுமானியத் திட்டத்துக்கு 2009லிருந்து 2019 மார்ச் வரை கணக்கு எழுதினேன். ஊர்க்குழுவுக்கு மூன்று லட்சம், ஐந்து லட்சம் என்று போகும். ஊற்றைத் தூர்வாருவது, நாற்றங்கால், தேன்பெட்டி, விதைச்சாமை சேமிப்பு, சின்னத் தடுப்பணை என்று வேலைகள். எந்த நிறுவனம், யார் பணம் என்று இங்கே எழுதப் போவதில்லை. அங்கே கெட்டவர்கள் யாரும் இல்லை. நான் சொல்லப்போகிற பிசகில் பாதி என்னுடையதும்தான்.

சாமையின் உமி லேசில் விடாது. கடுகைவிடச் சற்றே பெரிய மணி, அதன்மேல் பளபளவென்று ஒட்டிப்பிடித்த தோல். உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடியும் குத்தி, ஒரு வீட்டுச் சோற்றுக்குப் பெண்களுக்கு அரைநாள் போய்விடும். ரேஷன் அரிசி கையில் இருக்கும்போது யார் குத்துவார்கள்? குத்த ஆள் இல்லாததால் விதைக்கவும் மனசில்லை. ஆடி மழையை நம்பிச் சரிவில் தூவிவிட்டு வந்தாலே விளைகிற பயிர், சமையலறையில் தோற்றுப்போய் நிலத்தைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. அதனால்தான் உமி நீக்கும் இயந்திரம் ஒன்றைச் ‘சுற்றுச்சூழல்’ என்ற தலைப்பில் வாங்க முடிந்தது. சென்னையிலிருந்து வந்த ஆடிட்டருக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு மத்தியானம் முழுக்கத் தேவைப்பட்டது.

எங்கள் திட்டம் 2019 மார்ச்சில் முடிந்தது. இயந்திரத்தை மகளிர் குழுவிடம் ஒப்படைத்தோம். மாலை போட்டுப் படம் எடுத்தோம். இறுதி அறிக்கையில் ‘ஒப்படைக்கப்பட்டது’ என்ற வார்த்தையைத் தட்டச்சு செய்தது நான்தான். மின் இணைப்பு மட்டும் எங்கள் நிறுவனத்தின் பெயரிலேயே இருந்தது. அவசரத்தில் அப்படித்தான் வாங்கியிருந்தோம். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டது, விட்டதுதான். பதிவு செய்திருந்த செல்போன் எண் எங்கள் களப்பணியாளர் ஒருவருடையது. அவர் வேலையை விட்டு ஓசூர் போய்விட்டார். மின்கட்டணக் குறுஞ்செய்திகள் ஓசூருக்குப் போயின. இரண்டு பில் நின்றது, ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார்கள்.

குழுத் தலைவி பணத்தை எடுத்துக்கொண்டு மின்வாரிய அலுவலகம் போனார். பாக்கியை வாங்கிக்கொண்டார்கள். பெயரை மாற்ற வேண்டுமானால் பழைய நுகர்வோரிடமிருந்து கடிதம் வேண்டும் என்றார்கள். நியாயமான கேள்விதான். பழைய நுகர்வோர் யார்? போளூரில் பூட்டிய ஒரு வாடகைக் கட்டடம். முத்திரையும் லெட்டர்ஹெட்டும் சென்னையில் யாரோ ஒருவரின் பரண்மேல். கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அந்த ஒரு கடிதம் வர ஏழு மாதம் ஆயிற்று, அதுவரை இயந்திரம் நின்றது. நடுவில் ஒரு அறுவடை வந்து போனது. உமியோடு மூட்டை மூட்டையாக, வியாபாரி சொன்ன விலைக்கு, சாமை கீழே இறங்கியது.

பத்து வருஷத்தில் எத்தனையோ விண்ணப்பப் படிவங்களை நிரப்பியிருக்கிறேன். எல்லாவற்றிலும் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும்: ‘திட்டக் காலத்துக்குப் பிறகு எப்படித் தொடரும்?’ ‘குழுவே தொடர்ந்து நிர்வகிக்கும்’ என்று எழுதுவேன். ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் காப்பி அடித்த வரி அது. எதை வைத்து நிர்வகிக்கும், யார் பெயரில், பெல்ட் அறுந்தால் யாருக்கு போன் செய்யும் என்று ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை. ஐந்து ரூபாய் டீக்கு பில் எங்கே என்று கேட்டவர்கள் அதைக் கேட்கவில்லை.

பணம் கொடுப்பவர்கள் நிரந்தரம் என்று நாங்கள் நினைத்ததும் ஒரு காரணம். இந்த மலையிலேயே அதற்குப் பாடம் இருந்தது. மதுரையின் தானம் அறக்கட்டளை கனடா நாட்டு உதவியோடு 2011இல் தொடங்கிய சிறுதானிய ஆய்வுத் திட்டத்துக்கு ஜவ்வாதுமலையும் ஒரு களம். ஐ.டி.ஆர்.சி., சிடா என்று இரண்டு கனடா அமைப்புகள் பணம் போட்டன. திட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, 2013இல், சிடா என்ற நிறுவனமே அந்நாட்டு வெளியுறவுத் துறைக்குள் கரைந்துபோனது. 2025இல் அமெரிக்க உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் ஜனவரியில் உறைந்து, ஜூலையில் மூடியதை உலகமே பார்த்தது. கொடுப்பவர் வீட்டில் ஆட்சி மாறினால் வாங்குபவர் ஊரில் மோட்டார் நிற்கிறது.

உள்நாட்டிலும் சட்டம் மாறியது. 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு நிறுவனம் வெளிநாட்டுப் பணத்தை வாங்கி இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுப்பது அதோடு முடிந்தது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக இறங்கியது. ஊர் ஊராகப் பஸ்ஸில் போய் வவுச்சர் சரிபார்க்கும் என்னைப் போன்றவர்களின் சம்பளம் அந்தக் கணக்கில்தான் வரும். முறைகேடுகளைத் தடுக்க வந்த சட்டம் என்கிறார்கள், இருக்கட்டும். பதிவு, தணிக்கை, டெல்லியில் வங்கிக் கணக்கு என்று எதற்கும் வழியில்லாத மலைக்குழுவுக்கு, நடுவில் நின்று கைமாற்றிக் கொடுத்தவர்கள் இல்லாமல் போனார்கள் என்பதும் உண்மை.

ஐ.நா. அமைப்புகளின் பணத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அந்த வழியில் வருவதுதான் உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறுமானியத் திட்டம். 1992இல், ரியோ மாநாடு நடந்த ஆண்டில், ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் பொறுப்பில் தொடங்கி, 120க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போயிருக்கிறது. இந்தியாவில் அதை நெடுங்காலம் நடத்தியது அகமதாபாத்தின் சுற்றுச்சூழல் கல்வி மையம். அண்மைக் கட்டத்தில் டெல்லியின் டெரி ஆய்வு நிறுவனம். ஒரு குழுவுக்கு 50,000 டாலர் வரை என்றிருந்ததை இப்போது 75,000 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது பணத்தின் அளவு அல்ல. யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் குழுவில் அரசு சாராதவர்கள் பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். ஊர்க்காரர்கள் போடும் உழைப்பையும் அவர்கள் பங்காகக் கணக்கில் எடுத்தார்கள். எங்கள் திட்டத்தில் ஒரு தடுப்பணைக்குக் கல் சுமந்த பெண்களின் ஆறு நாள் வேலையை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் நான் விட்டுவிட்ட கதை ஒன்று உண்டு. அது இன்னொரு நாளுக்கு.

அந்தத் திட்டத்திலும் ‘தேர்ச்சி’ என்று ஒன்று வந்தது. பதினைந்து ஆண்டுகள் ஓடி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் மானியம் கொடுத்து முடித்த நாடுகள் உலகப் பொதுப் பானையிலிருந்து எடுக்கக் கூடாது என்று இருந்தது. தங்கள் நாட்டுக்கு ஒதுக்கிய பங்கிலிருந்தே நடத்திக்கொள்ள வேண்டியிருந்தது. பிரேசில், கென்யா, பிலிப்பைன்ஸோடு இந்தியாவும் முதல் வரிசையிலேயே அப்படி மாற்றப்பட்டது. பக்கத்து வீட்டுப் பையன் தலையெடுத்த பிறகும் அவன் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருக்க முடியாதுதான். ஆனால் நாட்டுப் பங்கு என்றாலே பெரிய திட்டங்களும் அதே தட்டில் கைவைக்கும். முழுத் திட்டமாக எழுதி ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது, அதற்குக் காலம் பிடித்தது. நாடு தேர்ச்சி பெற்றது சரி. நாற்பது வீட்டு ஊர் எப்போது தேர்ச்சி பெற்றது?

காலத்துக்கும் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்று நான் கேட்கவில்லை. என் கோரிக்கை கணக்குப் புத்தகத்தில் ஒரு தலைப்பு. மானியத்தில் பத்தில் ஒரு பங்கு ‘முடித்த பிறகு’ என்று தனியாக நிற்கட்டும். வேலை முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் அதைத் தொடலாம்: பெல்ட், சல்லடை, மோட்டார் காயில் கட்டுவது, பாக்கி பில். அந்த ஒரு வருஷமும் ஒரு மனிதர், ஒரே ஒருவர், போனை எடுக்க வேண்டும். முதல் தவணை போகும்முன் நிலம், மின் இணைப்பு, வங்கிக் கணக்கு மூன்றும் குழுவின் பெயரில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கடைசித் தவணையின்போது பார்த்துப் பிரயோஜனம் இல்லை. கணக்கு தமிழில் இருக்க வேண்டும். நாங்கள் ஒப்படைத்த ஆவணங்களில் எண்களைத் தவிர எதையும் அந்தப் பெண்களால் படிக்க முடியவில்லை.

‘இதெல்லாம் அரசு வேலை’ என்பார்கள். பாதி சரி. மலையில் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இருக்கிறது, கீழே திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் அத்தியந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. வெளிநாட்டு நிதி போன பிறகும் இங்கேயே இருக்கப் போகிறவர்கள் இவர்கள்தான். இவர்களில் யாரையும் நாங்கள் திட்டத்தின் முதல் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. கடைசிக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு பொன்னாடை போர்த்தினோம்.

காவலூர் வழியாக இறங்கும்போதெல்லாம் வானாய்வகத்தைப் பார்ப்பேன். 1986இல் நிறுவிய 2.3 மீட்டர் தொலைநோக்கி இன்னும் அங்கே நிற்கிறது. மலை ஒன்றுதான், காற்றும் ஈரமும் ஒன்றுதான். கண்ணாடியைத் துடைக்கவும் சக்கரத்துக்கு எண்ணெய் விடவும் அங்கே ஆண்டுதோறும் ஒரு தொகை வருகிறது, அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். தொலைநோக்கியே தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்று அதன் விண்ணப்பத்தில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

போன மார்கழியில் மேலே போயிருந்தேன், ஓய்வு பெற்றவளாக. பையில் ஒரு புது பெல்ட் வாங்கி வைத்திருந்தேன். குழுத் தலைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எங்க மிசினுக்கு சேராது மேடம், போன வருசமே மோட்டார மாத்திட்டோம்” என்றார். ஆணியில் இரண்டு பெல்ட் தொங்கின. சுவரில் மின் அட்டை, குழுவின் பெயரில்.

ஐந்து கிலோ சாமையரிசி கேட்டேன். நிறுத்துப் போட்டார்கள். சும்மா கொடுப்பார்களோ என்று ஒரு நொடி நினைத்தேன். தலைவியின் மருமகள் மேசை இழுப்பறையிலிருந்து பில் புத்தகத்தை எடுத்து, கார்பன் தாளைச் சரியாக நடுவில் வைத்து, தமிழில் எழுதிக் கிழித்துக் கொடுத்தது. எண் 418. தேதி போட மறந்திருந்தது. சுட்டிக்காட்டினேன், போட்டுக் கொடுத்தது.